ஓடையைக் கடந்தவன்

வெண்டல் குரோல் காஸ் லாரி ஓட்டுகிறவன். மெண்டசீனோ மலையில் எந்த வீட்டு அடுப்பு எரிய வேண்டுமானாலும் அவன் வந்தாக வேண்டும். பெரிய வெள்ளை டாங்கியை முதுகில் சுமந்த லாரி, வளைவுகளில் உறுமிக்கொண்டே ஏறும். ஓட்டுகிறவனும் அப்படித்தான். நாய் குரைத்தால் நாயைத் திட்டுவான். வீட்டுக்காரர் பேச்சுக் கொடுத்தால் வீட்டுக்காரரைத் திட்டுவான். காபி குடிக்கிறாயா என்று கேட்டால் நேரமில்லை என்பான். நின்று குடித்துவிட்டுத்தான் போவான்.

இந்த ஆள் ஒரு காலத்தில் இடுப்பு வரை முடி வளர்த்து, காதில் பூவைச் செருகிக்கொண்டு, ஆட்டுக்குட்டிக்குப் புல்லாங்குழல் வாசித்தான் என்று சொன்னால் லாரிக் கொட்டகையில் ஒருத்தனும் நம்ப மாட்டான். வாசித்தது உண்மை. ஆடு ஓடிப்போனதும் உண்மை.

அவன் பிறந்தது ஸ்டாக்டனில். அப்பன் பீச் பழத்தை டின்னில் அடைக்கிற ஆலையில் வேலை பார்த்தவன். சுத்தியல் கைப்பிடியில்கூடத் தன் பேரைச் செதுக்கி வைத்திருப்பான். நாற்காலி அவனுடையது, ரேடியோ அவனுடையது, கோழிக்கறியில் தொடை அவனுடையது. பிள்ளைகள் தொட்டால் உதை. வெண்டல் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு அதே ஆலைக்குப் போனான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தவன் திரும்ப உள்ளே போகவில்லை. பொம்மையும் பூவுமாகச் சாயம் பூசிய ஒரு வேன் வடக்கே போய்க்கொண்டிருந்தது. கை காட்டினான். நிறுத்தினார்கள். "எங்க போகணும்?" என்று கேட்டார்கள். "நீங்க எங்க போறீங்க?" என்றான். அதற்கே கைதட்டினார்கள். அறுபத்தெட்டாம் வருஷம் அது.

அப்படி வந்து சேர்ந்த இடம்தான் மேட்டு வீடு. பழைய ஆப்பிள் தோப்பு, நடுவில் ஒழுகுகிற ஒரு மரவீடு. பதினேழு பேர். கீழே டவுன்காரர்கள் அவர்களை ஹிப்பிக் கூட்டம் என்றார்கள். சிலர் எச்சில் துப்பிவிட்டுச் சொன்னார்கள்.

மேட்டு வீட்டில் சட்டம் என்று எதுவும் கிடையாது என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில் ஒன்று இருந்தது. எதுவும் யாருக்கும் சொந்தமில்லை. அதற்காகவே கதவுகளையெல்லாம் கழற்றி விறகாக எரித்துவிட்டார்கள், கக்கூஸ் கதவையும் சேர்த்து. வாசலில் வரிசையாக ஆணி. அதில் கோட்டுகள் தொங்கும். வெளியே போகிறவன் கைக்கு எட்டியதை மாட்டிக்கொண்டு போவான். பொருளோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. செய்த வேலையும் சொந்தமில்லை. விறகு வெட்டினால் வெட்டியது யார் என்று சொல்லக்கூடாது. பாத்திரம் கழுவினால் நன்றி கேட்கக்கூடாது.

வந்த புதிதில் வெண்டல் ஒருநாள் மழையில் நனைந்து ஒரு வண்டி விறகு பிளந்துவிட்டு உள்ளே வந்து, "நான்தான் அவ்வளவையும் வெட்டினேன்" என்றான். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் கையைத் தட்டி ராகம் போட்டார்கள்.

"யாரு? யாரு?"

"நான்தான்..."

"யாரு? யாரு? யாரு?"

முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுத்தியலில் பேர் செதுக்கியவன் வீட்டில் வளர்ந்தவனுக்கு அது சொர்க்கமாகத்தான் இருந்திருக்கும்.

ஆண் பெண் விஷயமும் அதே கணக்குதான். மார்னி என்று ஒரு பெண். சிவப்பு முடி, நீளக் கழுத்து, ரொட்டி சுட்டால் ஒன்று கருகும், இல்லையென்றால் வேகாது. கல்லூரியை விட்டு வந்தவள். அவளுக்கு வெண்டலையும் பிடிக்கும், கஸ்ஸையும் பிடிக்கும், லைலையும் பிடிக்கும். கஸ் தாடிக்காரன், எதற்கெடுத்தாலும் பேசுவான், எதற்கெடுத்தாலும் அழுவான். லைல் ஒல்லி, கவிதை எழுதுவான், குளிக்க மாட்டான். மூன்று பேருக்கும் இடையே ஒரு சண்டை வந்ததில்லை. வந்தால் கேவலம் என்று நினைத்தார்கள்.

மார்னி கர்ப்பமானதும் அப்பன் யார் என்று யாரும் கேட்கவில்லை. அறுபத்தொன்பது ஏப்ரலில், எல்லாரும் சுற்றி நிற்க, பெரிய அறையில் பெண் குழந்தை பிறந்தது. தொப்புள் கொடியை மூன்று பேரும் சேர்ந்து வெட்ட வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு கத்தரிக்கோலில் மூன்று ஆம்பளை விரல் எப்படி நுழையும்? ஒருத்தன் விரலை இன்னொருத்தன் நசுக்கினான். லைல் மயக்கம் போட்டான்.

வியர்த்துக் கிடந்த மார்னி தலையைத் தூக்கி, "ஒரு பிள்ளைக்கு மூணு அப்பன். வெட்டறதுக்கு ஒருத்தனுக்கும் துப்பில்ல" என்றாள். வீடே சிரித்தது. கடைசியில் வெட்டியது யார் என்று வழக்கம்போல் யாரும் சொல்லவில்லை.

சின்னப் பறவை மாதிரி இருந்ததால் ரென் என்று ஒரு குருவியின் பேரை வைத்தார்கள். அம்மா அப்பா என்று கூப்பிடப் பழக்கவில்லை. எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். ஆளுக்கு ஒரு ராத்திரி என்று முறை வைத்துத் தூங்க வைத்தார்கள். ஒருத்தர் வாசனையோடு பழகிவிட்டால் அது சொந்தமாகிவிடுமாம்.

வெண்டல் இதில் திருட்டுத்தனம் செய்தான். லைலிடம் போய், "உன் முறைக்குப் பாத்திரம் நான் தேய்க்கறேன், இன்னிக்கு ராத்திரி நீ நிம்மதியாத் தூங்குடா" என்பான்.

"ரொம்ப நல்லவன்டா நீ" என்பான் லைல்.

நல்லவனுமில்லை, ஒன்றுமில்லை. குழந்தை வெண்டலின் தாடியைப் பிடித்துக்கொண்டு தூங்கும். அந்தப் பிடிக்காகத்தான். அதைத் தனக்கே அவன் சொல்லிக்கொள்ளவில்லை.

ரென்னுக்கு நான்கு வயது நெருங்கும்போது அந்தப் பிப்ரவரி மழை. ஓடைக்கு அப்பால் ஒரு பண்ணை. அங்கே பசு கன்று போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டு ரென் ஒரே அடம். வெண்டல் ஆணியிலிருந்து பழைய பட்டாளத்துக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு அவளைக் கூட்டிப்போனான். கன்று பார்த்துவிட்டுத் திரும்பினால் மரப்பாலத்தைக் காணோம். ஓடை காப்பிக் கலரில் மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பண்ணைக்காரரிடம் திரும்பிப் போய் அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் அவர் துப்பாக்கியைக் காட்டிப் பேசுகிற ரகம். குழந்தைக்குக் குளிரில் உதடு நீலமாகிவிட்டது.

அவளை நெஞ்சோடு அணைத்து, கோட்டுக்குள் போட்டு, கழுத்து வரை பொத்தானைப் பூட்டினான். தண்ணீரில் இறங்கினான். அவனுக்கு நீச்சல் தெரியாது. இடுப்புக்கு மேல் ஏறியது. கல் உருண்டது. ஒரு தடவை காலுக்குத் தரையே இல்லை, கிளை ஒன்று கைக்கு அகப்பட்டது. பயத்தில், ஆலையில் அப்பன் வாயிலிருந்து கேட்ட கெட்ட வார்த்தைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் முனகிக்கொண்டே போனான். நிறுத்தினால் மூழ்கிவிடுவோம் என்று தோன்றியது. உள்ளே அவள் அசையவே இல்லை. காது அவன் நெஞ்செலும்பில் ஒட்டியிருந்தது.

அக்கரை சேர்ந்து பார்த்தால் அவள் காலில் ஒரு பூட்ஸ் இல்லை. அதை ஓடை கொண்டுபோய்விட்டது.

வீட்டில் கோட்டை ஆணியில் மாட்டினான். அவளை அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்தான். துணி மாற்றப் போனான். பாலம் போன சேதி தெரிந்து எல்லாரும் ஓடிவந்து குழந்தையைக் கட்டிக்கொண்டார்கள். கஸ் அழுதுகொண்டே சொன்னான்:

"பாத்தீங்களா, நம்ம பொண்ண நாம ஓடை தாண்டிக் கொண்டுவந்துட்டோம்!"

ஒருத்தரும் யாரு யாரு என்று கேட்கவில்லை. வெண்டலும் சொல்லவில்லை. தண்ணீர் வடிந்தபிறகு, புதுப்பாலம் போடும் வரைக்கும் கஸ், லைல், வெண்டல் மூன்று பேருமே மாறி மாறி அவளை அதே கோட்டுக்குள் போட்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் தூக்கிப்போனார்கள். அப்போது தண்ணீர் கணுக்காலுக்குத்தான்.

அந்த வருஷமே வீடு கலைய ஆரம்பித்தது. காமாலை வந்து நாலு பேர் வீட்டை விட்டுப் போனார்கள். அரிசியில் பூச்சி. புதிதாக வந்தவர்கள் தின்றார்கள், தூங்கினார்கள். விறகு வெட்டியது யார் என்று கேட்கக்கூடாது, சரி. வெட்டாதது யார் என்றும் கேட்க முடியாமல் போயிற்று. செப்டம்பரில் மார்னி எல்லாரையும் வட்டமாக உட்காரச் சொன்னாள்.

"நான் ஃப்ரெஸ்னோ போறேன். அக்கா வீட்டுக்கு. ரென் பள்ளிக்கூடம் போகணும்."

ரென் அவள் மடியில் இருந்தாள், பொத்தானைக் கடித்துக்கொண்டு.

"போறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கறேன். இங்க யாராவது ஒருத்தர், இவ என் பொண்ணுன்னு சொல்றதா இருந்தா, இப்பச் சொல்லிடுங்க. ரத்தம் யாரோடதுன்னு நான் கேக்கல. சொல்றதுக்கு ஆள் இருக்கான்னுதான் கேக்கறேன்."

கஸ்தான் முதலில். "மார்னி, என்ன இது? அவ நம்ம எல்லாரோட பொண்ணு."

லைல் கண்ணை மூடிக்கொண்டு, "எல்லாரோட பொண்ணு" என்றான்.

மார்னி வெண்டலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். என் பொண்ணு என்று சொல்ல அவன் வாயெடுத்தான். அதைச் சொன்னால் கோழித்தொடையை அள்ளிப் போட்டுக்கொண்ட அப்பன் மாதிரி ஆகிவிடுவோம் என்று தோன்றியது. ஐந்து வருஷம் வயிறு காய்ந்து, குளிரில் நடுங்கி, எதற்காக இருந்தோம்? கடைசி நாளில் கையை நீட்டிப் பறிப்பதற்கா?

"எல்லாரோட பொண்ணுதான்" என்றான்.

மார்னி தலையை ஆட்டினாள். "ரொம்ப அழகாச் சொல்றீங்கடா மூணு பேரும்" என்றாள். எழுந்து மூட்டை கட்டப் போனாள். அவள் கேட்டது என்ன என்று அவனுக்கு விளங்க ஒரு குளிர்காலம் ஆயிற்று. அதற்குள் ஃப்ரெஸ்னோவில் அவள் ஹவர்ட் என்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டாள் என்று சேதி வந்துவிட்டது. செருப்புக்கடை வைத்திருக்கிறவன். நல்ல மாதிரி.

வெண்டல் முடியை வெட்டிக்கொண்டான். காஸ் லாரியில் ஏறினான். அன்றிலிருந்து அதிலேயே இருக்கிறான். நடுவில் டோலரஸ் என்று ஒருத்தியோடு கல்யாணம். ஆறு வருஷம் இருந்தாள். போகும்போது, "உன்கூட ஒரு நாலு வயசுப் பொண்ணு குடியிருக்கா வெண்டல். எனக்கு எடமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். ரென்னுக்கு வாழ்த்து அட்டை அனுப்பலாம் என்று எத்தனையோ தடவை கடையில் எடுத்துப் பார்த்திருக்கிறான். கீழே யார் என்று கையெழுத்துப் போடுவது? வைத்துவிட்டு வந்துவிடுவான்.

பழைய கூட்டாளிகள் சாவு, கல்யாணம் என்று எப்போதாவது கூடுவார்கள். கஸ் போர்ட்லண்டில் வாத்தியார் ஆகிவிட்டான். லைல் சான்டா ரோசாவில் வெந்நீர் பாய்லர் விற்கிறான், அவன் வெந்நீர் விற்கிறதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். இரண்டாவது பீரில் அந்த ஓடைக் கதை வந்துவிடும். "அன்னிக்கு நாம அவளத் தூக்கிட்டு வந்தோமே..." என்று ஆரம்பிப்பான் கஸ். லைல் தண்ணீரின் குளிரைச் சொல்வான். வெண்டல் பாட்டிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நண்பர்கள் சந்தோஷமாகச் சொல்கிறார்கள், அதைப் போய்க் கெடுப்பானேன் என்று.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அக்டோபரில் போன் வந்தது. பெண் குரல். "நான் ரெனே. முன்ன ரென்னு கூப்பிடுவீங்க." பள்ளிக்கூடத்தில் பேரை நீட்டிவிட்டார்களாம். சனிக்கிழமை வரலாமா என்று கேட்டாள். வெண்டல் சரி என்றான். போனை வைத்தபிறகு, அந்த சரியையும் உறுமலாகச் சொல்லிவிட்டோமோ என்று கவலைப்பட்டான்.

வீட்டைக் கூட்டினான். ஜன்னல் துடைத்தான். மேசைக்கு ஒரு விரிப்பு வாங்கி வந்து விரித்தான். அது புதிது என்று பார்த்தவுடன் தெரிந்தது. எடுத்து ஒரு தடவை துவைத்துப் போட்டான். ஆப்பிள் கேக் வாங்கினான்.

வந்தாள். முப்பது வயது, கண்ணாடி, அம்மாவின் கழுத்து. அவளை எப்படி வரவேற்பது என்று தெரியாமல், "காரை வெய்யில்ல நிறுத்திட்டியே" என்றான்.

உட்கார்ந்தார்கள். மார்னி வசந்தகாலத்தில் போய்விட்டாளாம், கேன்சர். வெண்டலுக்குத் தெரியாது. கை மேசை விரிப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தது.

"அம்மா கடைசியில எல்லாம் சொன்னாங்க. அந்த வட்டம், அவங்க கேட்டது. எனக்குக் கோவமெல்லாம் இல்ல அங்கிள். என்னை ஹவர்ட்தான் வளத்தார். ரத்தப் பரிசோதனை அது இதுன்னு நான் யாரையும் கேக்க வரல. எனக்கு அங்கேருந்து ஒரே ஒரு ஞாபகம்தான் இருக்கு. ஒருத்தர் என்னைக் கோட்டுக்குள்ள போட்டு, தண்ணியத் தாண்டித் தூக்கிட்டுப் போறார். மூஞ்சி தெரியல. நனைஞ்ச கம்பளி வாசனை. பயமே இல்ல எனக்கு. அப்புறம் வாழ்க்கையில அந்த மாதிரி பயமில்லாம நான் இருந்ததே இல்ல. அவர் யாருன்னு தெரிஞ்சா, அவர அப்பான்னு நெனச்சுக்குவேன். அவ்வளவுதான்."

வெண்டல் எழுந்து நின்றான். எதற்கு எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"அது நான்தான்" என்றான்.

ரெனே காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். முகத்தில் சந்தோஷம் வரும் என்று பார்த்தான். ஒரு களைப்புத்தான் வந்தது.

"கஸ் அங்கிளும் அதையேதான் சொன்னார். சொல்லிட்டு அழுதார்."

"அவன் எதுக்கும் அழுவாம்மா!"

"லைல் அங்கிள் பேண்ட்டச் சுருட்டிக் காட்டினார், தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு."

"லைலா? அவன் குளிக்கறதுக்கே பயந்தவன்! பொய் சொல்றான்."

"பொய் சொல்ற மூஞ்சி இல்ல அது. இப்ப உங்க மூஞ்சி எப்படி இருக்கோ, அதே மாதிரிதான் அவங்க ரெண்டு பேருக்கும் இருந்துச்சு."

"உன் பூட்ஸு ஒண்ணு தண்ணியில போயிடுச்சு. இடது கால்."

"அதையும் ரெண்டு பேரும் சொன்னாங்க." அவள் மெதுவாகத்தான் சொன்னாள். "அங்கிள், ஒண்ணு கேக்கறேன். அவர் பாடிக்கிட்டே போனார். நெஞ்சுக்குள்ளேருந்து எனக்குக் கேட்டுச்சு. அது என்ன பாட்டு? கஸ் அங்கிளுக்கு ஞாபகம் இல்லையாம். லைல் அங்கிள் ஏதோ தாலாட்டுன்னார், பாடத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

வெண்டலுக்கு ஒரே நொடியில் நெஞ்சு நிறைந்துவிட்டது. இது தனக்கு மட்டும் தெரிந்தது. வேறு எவனுக்கும் தெரியாது.

"பாட்டு இல்லம்மா அது. கெட்ட வார்த்த. எனக்கு நீச்சல் தெரியாது. பயத்துல, எங்கப்பன் பேசற வார்த்தையெல்லாம் முனகிக்கிட்டே போனேன்."

ரெனே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. தலையை ஆட்டினாள்.

"இல்ல அங்கிள். அது பாட்டு. எனக்கு நல்லாத் தெரியும். என் பையனுக்கு அதத்தான் பாடித் தூங்க வைக்கறேன். இருங்க."

முணுமுணுத்துக் காட்டினாள். இறங்கி, ஏறி, மறுபடி இறங்குகிற மெட்டு. நல்ல மெட்டு. வெண்டல் தலையைச் சாய்த்துக் கேட்டான். அப்படி ஒன்றை அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அவள் பாடி முடித்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

ஆமாம், இதுதான் என்று சொன்னால் போதும். அவள் அதற்காகத்தான் இவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்திருக்கிறாள். அவன் வாயைத் திறந்தான். வாயில் வந்தது வேறு.

"எனக்கு அந்தப் பாட்டு தெரியாதும்மா."

அவள் கை நீட்டி அவன் மணிக்கட்டைத் தொட்டாள்.

"பரவால்ல. நீங்க ஒருத்தராவது உண்மையச் சொன்னீங்களே. ரொம்ப நன்றி."

"நான் சொல்றது..." என்று ஆரம்பித்தான். சொல்வதற்கு மிச்சம் ஒன்றும் இல்லை. உண்மையைத்தான் சொல்லியாயிற்று.

அவள் கேக்கில் ஒரு துண்டு சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள். மகன் படத்தைக் காட்டினாள், முன்பல் விழுந்த பையன். "ஃப்ரெஸ்னோ பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க" என்றாள். மூன்று பேரிடமும் இதே மாதிரித்தான் சொல்லியிருப்பாள். வாசலில் அவனைக் கட்டிக்கொண்டாள், சீக்கிரம் விட்டாள்.

கார் மண்பாதையில் இறங்கிப் போவதை வெண்டல் பார்த்துக்கொண்டு நின்றான். கீழே பெரிய ரோடு சேருகிற இடத்தில் நிறுத்தினாள். சனிக்கிழமை மத்தியானம், மலை ரோடு, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரு ஈ காக்கை இல்லை. ஆனாலும் அவள் இடது பக்கத்து விளக்கைப் போட்டாள். அது விட்டு விட்டு எரிந்தது. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், மறுபடி இந்தப் பக்கம் பார்த்தாள், பிறகுதான் திரும்பினாள்.

கார் ஓட்டப் பழகிய காலத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, யாருமில்லாத ரோட்டிலும் விளக்கைப் போடணும்மா என்று அவளுக்கு ஒருத்தன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அந்தச் செருப்புக்கடைக்காரன், திட்டாமல், எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

வெண்டல் உள்ளே போகாமல், கார் மறைந்த பிறகும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.